எர்மீனியா அக்கா வரைந்த படகு

எர்மீனியா அக்கா வண்ணம் கலக்கும் முன் படகின் மேல் ஒரு வாளி கடல்தண்ணீரை வீசி அடிப்பார். நனைந்த பலகையில் பழைய நிறம் எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட்டு, காய்ந்த பிறகுதான் தூரிகையைத் தொடுவார். கடலில் காய்ந்த படகை யார் பார்க்கப் போகிறார்கள் என்பார்.

எங்கள் பாசினியா குப்பத்தில் முப்பது வருடமாகப் படகுகளின் முகப்பில் இருந்த பெண்களெல்லாம் அவர் வரைந்தவர்கள். சேற்றில் சிப்பி பொறுக்குகிறவர்கள், பனையெண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் வியர்த்து நிற்கிறவர்கள், எல்லாரும் எங்களைப் போலக் கறுப்பு. கறுப்பிலேயே அவரிடம் ஏழு விதம் இருந்தது. சால்வதோர் நகரத்துக் கண்காட்சிகளில் அப்படி ஒரு தோலை நான் பார்த்ததே இல்லை, சத்தியமாக. ஆனால் எந்தப் படகிலும் அவர் பெயர் கிடையாது. எங்கள் ஊரில் படகுக்கு ஒரு பெயர்தான். இரண்டாவது பெயர் ஏறினால், எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கடல் படகையே இழுத்துக்கொள்ளும் என்பார்கள். எனக்கும் இது தெரியும். நான் அங்கேயே பிறந்தவள்.

அவர் வரைந்ததில் மிகச் சிறந்தது அதெமாரின் படகு. அதன் பெயர் 'தால்வா'. தால்வா அதெமாரின் மனைவி, எர்மீனியா அக்காவின் தங்கை. பதினோரு வருடத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டாள். இருந்த இரண்டு புகைப்படங்களும் மழையில் வீடு சரிந்தபோது மண்ணோடு போயின. அதன் பிறகு அவள் முகம் இருந்த ஒரே இடம் அந்தப் படகின் முகப்புதான்.

ஒவ்வொரு ஜனவரியிலும், கடல்தாய் யெமான்ஜாவின் திருநாளுக்கு முன், படகுகளைக் கரையேற்றிப் பழைய வண்ணத்தைச் சுரண்டுவோம். அந்த முகத்தை மட்டும் அக்கா சுரண்ட விடமாட்டார். கோட்டின் மேல் கோடாகப் புது வண்ணம் ஏற்றுவார்.

"அவ முகம் எனக்கு மறந்துபோச்சு புள்ள," என்றார் ஒருமுறை. "போன வருசம் என் கை போட்டதைப் பார்த்துத்தான் இந்த வருசம் போடுறேன். அதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்."

இதைக் கேட்டிருந்தும் நான் அப்படிச் செய்தேன்.

ஜூலை மாதம் கறுப்பினப் பெண்களுக்கான கொண்டாட்டம். எங்கள் குப்பத்துப் பெண் கலைஞர்களுக்கு நாமே ஒரு கண்காட்சி வைப்போம் என்று குதித்தவள் நான்தான். பள்ளிக்கூட அறையில் மண் சிற்பம், பூத்தையல், ஓவியம். வெளியே மணலில் 'தால்வா' படகு. எல்லாவற்றிலும் செய்தவளின் பெயர் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். முப்பது வருடம் பெயரில்லாமல் வரைந்த ஒருத்திக்கு அவள் பெயரையே பரிசாகக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். இரண்டாவது பெயர் பற்றிய ஊர்ப் பேச்சு அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஞாயிறு மதியம் ஊரே கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தது. படகு கரையில் தனியாகக் கிடந்தது. தால்வாவின் தாடைக்குக் கீழே வெள்ளை வண்ணத்தில் 'எர்மீனியா' என்று எழுதினேன். எழுத்து அழகாக வந்துவிட்டது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அட்டைகள் அச்சடிக்கப் பெரிய படகேறி சால்வதோருக்குப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை திரும்பியபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. திங்கள் காலையில் வலை பின்னும் ஜெனிவால்தோதான் முதலில் பார்த்தாராம்.

"என்ன அதெமாரு, பொண்டாட்டிக்குக் கீழ மதினியையும் ஏத்திட்டியா? ரெண்டு பேரும் ஒரே படகுல ஒத்துமையா வருவாங்களா?"

கரையே சிரித்திருக்கிறது. ஆனால் அதெமாரோடு போகும் இரண்டு பேரும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்கள். இரண்டு பெயர் ஏறிய படகை மரம் தெரியும்வரை முழுசாகச் சுரண்டி, புதுப் பெயர் வைத்தால்தான் ஏறுவோம் என்றார்களாம். அதெமார் அக்காவின் வாசலில் வந்து தலைகுனிந்து நின்றிருக்கிறார். வேறு படகு அவருக்கு இல்லை.

அக்கா அந்த எழுத்தைப் பார்த்ததுமே என் கை என்று கண்டுபிடித்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. தானே எழுதியதாக ஊர் பேசியதை அப்படியே விட்டுவிட்டார்.

"கத்தியைக் குடு," என்றாராம் அதெமாரிடம். "வேற யாரும் அவ மேல கை வைக்க வேணாம்."

நான் கரைக்கு ஓடியபோது வெறும் மரம்தான் இருந்தது. வீடு வீடாகப் போய் நான்தான் எழுதினேன் என்று சொன்னேன், எல்லாருடைய கைப்பேசியிலும் அந்த முகத்தைத் தேடினேன். தினம் பார்க்கும் படகை யார் படம் எடுப்பார்கள்? ஒரு கல்யாணப் படத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி கிடைத்தது, அவ்வளவுதான். என் படத்தில் நான் எழுதிய எழுத்துதான் முழுசாக இருந்தது. மேலே தாடையும் கீழுதடும். அதற்கு மேல் நான் எடுக்கவே இல்லை.

கண்காட்சியில் அதைத்தான் பெரிதாக்கி மாட்டினேன். மாட்டாமல் இருந்திருக்கலாம். அக்கா மஞ்சள் தலைத்துணி கட்டிக்கொண்டு வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் விரலைத் தண்ணீரில் நனைத்துப் படத்தின் உதட்டில் தடவிப் பார்த்தார்.

"உதடு இவதான்," என்றார். "மூக்கு எப்படி வரும், ஜுசாரா? உனக்கு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை.

அதெமாரின் படகுக்கு அந்த வாரமே வேறு பெயர் எழுதியிருந்தார்கள். அடுத்த ஜனவரியில் அதன் முகப்பில் அக்கா ஒரு தாடையும் கீழுதடும் வரைந்தார். அதற்கு மேல் நீல வண்ணம் பூசி விட்டுவிட்டார்.