சேவலுக்குப் பிடிக்காத அரிசி

கோனோ நாட்டில் யாரைக் கேட்டாலும் அவருடைய மாமா ஒருவர் சின்ன வயதில் வைரத்தைக் கவணில் வைத்துக் குருவி அடித்திருப்பார். இந்தக் கதையைக் கேட்டாலே ஃபிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "அடிச்ச குருவியையாவது தின்னானா உங்க மாமன்?" என்று கேட்பாள். தின்றவன் ஒருவனையும் அவள் கண்டதில்லை.

அவள் வீட்டில் மூன்றாவது பெண். மூன்றாவதாகப் பிறந்தால் ஃபிந்தா என்று எங்கள் பக்கம் எப்போதோ முடிவாகிவிட்டது. பெயருக்காக யாரும் மூளையைக் கசக்கவில்லை. அவள் சிறுமியாக இருந்தபோதுதான் வைரக் கம்பெனிக்காரர்கள் ஓடையில் இறங்கிச் சல்லடை போட்டார்கள். அப்புறம் வேலி வந்தது. வேலிக்கு ஒரு காவல்காரன் வந்தான், தொப்பியும் தடியுமாக. கூடையில் மீன் அரித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, ஓடை இனிமேல் கம்பெனியுடையது என்றான். "மீனும் கம்பெனி போட்ட குஞ்சா?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த மீனை அவன் முகத்தில் விட்டெறிந்தாள். கையில் இருப்பதை விட்டெறிவது அவளுக்குப் பிறவிக் குணம். அன்று ஆத்திரம் தீர்ந்தது. குழம்புக்குத்தான் மீன் இல்லாமல் போயிற்று.

கெண்டேமாவில் சாஃபியாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். நல்ல மனிதன், ஊர் புத்தி கெடும்வரை. இருவருமாகச் சேற்று நிலத்தைத் திருத்தி நெல் போட்டார்கள். அதற்குள் வைரம் என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவி, லாரி லாரியாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். தையல்காரன் வந்தான், வாத்தியார் வந்தார், கல்யாண வீட்டில் மேளம் அடிக்கிறவன்கூட மேளத்தை விற்றுவிட்டு மண்வெட்டியோடு வந்தான். சாஃபியாவும் கம்பெனி வேலிக்குள் திருட்டுத்தனமாகத் தோண்டப் போனான். குழியின் கரை சரிந்தது. கல் கிடைக்கவில்லை. சாஃபியாவே மறுநாள்தான் கிடைத்தான்.

பிறகு அரசாங்கம் பார்த்தது. திருடுகிறவர்களைத் துரத்தி மாளவில்லை என்று, ஊர்க்காரர்களே தோண்டலாம் என்று உரிமம் கொடுக்க ஆரம்பித்தது. ஊர்த் தலைவருக்கு ஒரு பரிசு, நிலத்துக்காரர் வீட்டுக்கு, வெற்றிலை பாக்குபோல் சம்மதம் கேட்டு நீட்டும் கோலாக் கொட்டை, அவ்வளவுதான். மறுநாள் வயல் குழியாகிவிடும். கெண்டேமாவைச் சுற்றி இருந்த வயல் எல்லாம் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் ஆயிற்று. நெல் விளைந்த ஊருக்குக் கப்பலில் வந்த அரிசி மூட்டை மூட்டையாக லாரியில் வந்து இறங்கியது. அதையும் பெருமையாகத் தின்றார்கள். சாப்பிட்டுவிட்டுச் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொள்வார்கள், உள்ளே ஏதோ இருப்பதுபோல.

மிஞ்சியது ஃபிந்தாவின் வயல் ஒன்றுதான்.

அதற்கும் கண் விழுந்தது. கண் வைத்தவன் வேற்று ஆள் இல்லை. சாஃபியாவின் அண்ணன் தம்பாவின் மகன் கோம்பா. கொய்டு நகரத்தில் வியாபாரி ஒருவருக்குப் பெட்டி தூக்கிவிட்டு, அந்த வியாபாரியின் பணத்தில் தானும் முதலாளி என்று ஊர் திரும்பியிருந்தான். வெயில் இல்லாத நாளிலும் கறுப்புக் கண்ணாடி. கையில் கடிகாரம், அது ஓடாது. மணி கேட்டால் வானத்தைப் பார்த்துச் சொல்வான்.

குடும்ப நிலம் பெரியவர் தம்பாவின் பொறுப்பு. மகன் நீட்டிய கோலாக் கொட்டையை அப்பன் வாங்கிக் கடித்து, நிலத்தைத் தோண்ட ஒப்புக்கொண்டார். இப்படி ஒரு கூத்தை ஊர் பார்த்ததில்லை. ஃபிந்தா நேரே அவர் வாசலுக்குப் போனாள்.

"சொந்தப் பிள்ள கையில கோலா வாங்கித் தின்ன ஒரே அப்பன் நீங்கதான் மச்சான். இனிச்சுதா?"

"நிலம் எங்க குடும்பத்துது ஃபிந்தா. நீ வந்து பேசாத."

"நிலம் உங்களுது. நெல்லு என் கை போட்டது. அத மறந்துடாதீங்க."

தம்பா மறக்கவில்லை. அறுவடை முடியும்வரை பொறுத்தார்கள். தங்கள் பெருந்தன்மையைத் தாங்களே மெச்சிக்கொண்டார்கள்.

குழி தோண்டுமுன் அந்த மண்ணில் படுத்திருக்கும் முன்னோருக்குச் சோறு வைக்க வேண்டும். வெள்ளைச் சேவலின் முன் அரிசி போடுவார்கள். சேவல் கொத்தினால் கீழே இருப்பவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தம். கோம்பா ஓர் ஆளின் தலையில் ஒரு மூட்டை அரிசியைச் சுமக்கவைத்துக் கூட்டிவந்தான். ஒரு பிடி போட்டான். சேவல் அரிசியைப் பார்த்தது. கழுத்தைத் திருப்பிக்கொண்டது. இறகைக் கோதியது. கடைசியில் அந்த அரிசியின் மேலேயே எச்சமிட்டது.

கூலி ஆட்கள் திரும்பிப் போக மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

"சேவலுக்குப் பசியில்லப்பா! இதுக்குப் போயி..." என்றான் கோம்பா.

"பசியில்லாத சேவல நான் பாத்ததே இல்ல தம்பி," என்றார் கூலி ஆட்களின் மேஸ்திரி. "கப்பல்ல வந்த அரிசி கீழ இருக்கிறவங்களுக்கு யாரு வீட்டு அரிசின்னே தெரியல. இந்த மண்ணுல வெளஞ்சது வேணும். அந்தம்மா கையால ஒரு பிடி வாங்கிட்டு வா. திருடிக் கொண்டாந்தா ஆகாது, சொல்லிட்டேன்."

ஊரில் இருந்த வயலை எல்லாம் தோண்டித் தின்றவர்களுக்கு, கடைசி வயலைத் தோண்ட ஒரு பிடி நெல் தேவைப்பட்டது. அது ஃபிந்தாவிடம் மட்டுமே இருந்தது. இந்தச் செய்தி வந்தபோது அவள் சிரித்த சிரிப்பு ஊர்க்கோடி வரை கேட்டது. அவள் கொடுக்காவிட்டால் யாரும் குழியில் இறங்கமாட்டார்கள். அடுத்த மழைக்கு மறுபடி நாற்று நடலாம். வாயைத் திறந்து இல்லை என்று சொன்னால் போதும். அவள் வாய்க்கு அது ஒரு வேலையா?

தம்பா துணி கொடுத்தனுப்பினார். வந்த வழியே போயிற்று. தலைவர் ஆள் விட்டார். அந்த ஆளுக்கு வயிறாரச் சாப்பாடு போட்டு வெறுங்கையோடு அனுப்பினாள். கடைசியில் எல்லோருமாக அவள் நெல் தூற்றிக்கொண்டிருந்த களத்துக்கே வந்து நின்றார்கள். தம்பா, கோம்பா, கூலி ஆட்கள், கக்கத்தில் சேவலை இடுக்கிக்கொண்டு மேஸ்திரி.

"சித்தி, ஒரு பிடிதானே," என்று குழைந்தான் கோம்பா.

"கண்ணாடியக் கழட்டிட்டுக் கேளு. யாரு பிச்ச கேக்குறதுன்னு தெரியணும்ல?"

கழற்றினான். கூலி ஆட்களில் ஒருவன் சிரித்தான். கோம்பாவின் முகம் சிறுத்தது.

"இந்தச் சேத்துல கெடந்து என்னத்தக் கண்டீங்க சித்தி? வைரம் எடுத்தா ஒங்களுக்குத் தகரக் கூர போட்டுத் தாரேன்."

"முதல்ல ஒன் கடிகாரத்துக்குச் சாவி குடுடா. அப்புறம் என் கூரைக்கு வா."

இந்தமுறை எல்லோருமே சிரித்தார்கள். அவளுக்கும் அது ருசித்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். திரும்பித் தூற்றப் போயிருக்கலாம்.

கோம்பா மெதுவாகச் சொன்னான்: "சித்தப்பா இருந்தா அவரே மண்வெட்டியோட முன்னால வந்து நின்னிருப்பாரு. ஒங்கள விட அவருக்குக் கல்லு மேலதான் ஆச. அதான அங்க போயிச் செத்தாரு."

அது உண்மை. அதனால்தான் பொறுக்கவில்லை. கையில் இருந்தது நெல். அள்ளி அவன் முகத்தில் விட்டெறிந்தாள்.

"இந்தா, தின்னு!"

நெல் அவன் நெற்றியில் பட்டுத் தரையில் சிதறியது. மேஸ்திரியின் கக்கத்திலிருந்த சேவல் ஒரு உதறு உதறித் துள்ளிக் குதித்தது. ஓடிவந்து தரையைக் கொத்த ஆரம்பித்தது.

ஃபிந்தாதான் முதலில் அசைந்தாள். மண்டியிட்டு, "சூ! சூ!" என்று இரண்டு கையாலும் விரட்டினாள். அது அவள் விரல்களுக்கு நடுவில் கழுத்தை நீட்டி நீட்டிக் கொத்தியது.

"குடுத்துட்ட தாயி," என்றார் மேஸ்திரி.

"குடுக்கல. எறிஞ்சேன்! பாத்தீங்கல்ல, எறிஞ்சேன்!"

"ஒன் கையிலேருந்துதான விழுந்துச்சு? தின்னுட்டாங்க. அவ்வளவுதான்."

அவள் சேவலை விரட்டுவதை விட்டாள். அவளும் அந்த மண்ணில் பிறந்தவள்தானே. சேவல் வழியாகத் தின்றது யார் என்பது அவளுக்கும் தெரியும். ஒருவேளை சாஃபியாவும் அவர்களில் ஒருவன். அதை நினைத்தபோது அவளுக்கு வந்தது அழுகை இல்லை, அவன்மேல் அடங்காத கோபம். அழுகை பிறகு வந்தது. தம்பா குனிந்து மிச்ச நெல்லை ஒவ்வொன்றாகத் தன் தொப்பிக்குள் பொறுக்கினார், அவ்வளவு மரியாதையாக. அவளுடைய நெல்லுக்கு அந்த வீட்டாரிடம் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

தோண்டினார்கள். மேல்மண்ணை அள்ளி ஒரு பக்கம் கொட்டி, அதன்மேல் கூழாங்கல்லைக் கொட்டி, சேற்றை மறுபடி எதற்கும் ஆகாதபடி புதைத்தார்கள். உளுந்தளவு ஒரு கல் கிடைத்தது. அதை வாயில் ஒளித்துக்கொண்டு கோம்பா கொய்டுவுக்குப் போனான், திரும்பவில்லை. தம்பா மகனைப் பற்றிக் கேட்கிறவர்களிடம், பெரிய இடத்தில் இருக்கிறான் என்பார். குழியில் தண்ணீர் நின்றது. கொசு மட்டும் நன்றாக விளைந்தது.

மழை வந்தது. நட இடமில்லை. அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைநெல்லை ஃபிந்தா இறக்கினாள். உரலில் போட்டுக் குத்தினாள். மரவள்ளிக் கீரையும் செம்பனை எண்ணெயுமாகக் குழம்பு வைத்து, தனியாக உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டாள்.

இப்போது கொய்டு சாலையோரம் குழிவேலைக்காரர்களுக்குச் சோறு விற்கிறாள். மூட்டை அரிசிதான். வாய் கொஞ்சமும் குறையவில்லை. கல் கிடைக்கப்போகிறது என்று பீற்றிக்கொண்டு எவனாவது வந்தால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாள். ஆனால் திட்ட ஆரம்பிக்குமுன் கரண்டியைக் கீழே வைக்கிறாள். சோற்றுத் தட்டு கையில் இருந்தால் அதையும் வைக்கிறாள். புதிதாக வந்த ஒருவன் கேட்டான்: "ஏம்மா, திட்டுறதுக்கு எதுக்கு இவ்வளவு ஏற்பாடு?"

"கை காலியா இருக்கான்னு பாத்துட்டுத்தான்டா வாயத் தொறப்பேன்," என்று சொல்லிவிட்டு அவனைத் திட்ட ஆரம்பித்தாள்.