ஒல்லித்தடியன் எழுத்து

"பொக்கிப் பிடிட்டி, இன்னும் பொக்கு!" என்று சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துகிறார் தாணுலிங்கம் அண்ணாச்சி. நான் அவருடைய அச்சுக்கடை வாசலில் நின்று மாதிரித் தாளைத் தலைக்கு மேல் உயர்த்துகிறேன். நடுவே வடசேரி பஸ்கள் ஓடுகின்றன. எந்தப் போஸ்டரானாலும், அதிலுள்ள போன் நம்பரை அங்கிருந்தே வாசித்து, தன் போனில் அமுக்கி, உரியவருக்கு மணி அடித்தால்தான் அச்சுக்கு விடுவார்.

நெட்டையான, நெருக்கிய, தடித்த எழுத்துதான் அவருக்குப் பிடிக்கும். அதற்கு 'ஒல்லித்தடியன்' என்று பெயர் வைத்திருக்கிறார். "எவ்வளவு நீளப் பேரானாலும் ஒத்த வரியில ஒதுங்கி நிப்பான். ஆனா சத்தம் கொறையாது, கேட்டியா." கோயில் கொடைக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் அதே எழுத்துதான். மீசைக்கு மை பூசுவார். கண்ணாடி மட்டும் போடமாட்டார். "பஸ்ஸுல போறவன் எல்லாம் கண்ணாடி போட்டிருக்கானா?"

ஒருநாள் காலை லட்சுமிப்ரியா என்ற பெண் ஓடிவந்தாள். அவள் அப்பா சிவதாணு முந்தின நாள் மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் தொலைந்துபோயிருந்தார். ஞாபகம் மங்கியவர். இன்சுலின் போட்டு ஒரு நாள் ஆகிவிட்டது. நிறம், உயரம், சட்டை, மச்சம் என்று ஒரு பக்கம் நிறைய எழுதி வந்திருந்தாள்.

"இதெல்லாம் வேண்டாம் மக்கா. படம், பேரு, நம்பரு. பஸ்ஸு நமக்காக நிக்காது."

"மச்சமாவது போடுங்க அண்ணாச்சி."

"மச்சத்தப் பாக்கதுக்கு ஒருத்தன் பக்கத்துல வரணும். வந்தவன் போன் பண்ணட்டும், அப்ப நீ சொல்லு."

பத்து நிமிடத்தில் மாதிரி வந்தது. அண்ணாச்சி சாலையைக் கடந்தார், நான் தாளை உயர்த்தினேன். முதலில் யாரிடமோ ஏதோ பேசி வைத்துவிட்டு மறுபடி அமுக்கினார். எனக்குப் பின்னால் லட்சுமிப்ரியாவின் போன் அடித்தது.

"ஹலோ! அப்பா கிட்டிட்டாவளா? எங்க இருக்காவ?"

அந்தப் பக்கம் அவர் போனைக் காதிலிருந்து இறக்கினார். பிறகு மெல்லக் கையை உயர்த்திக் காட்டினார். அழைத்தது அவர்தான் என்று புரிந்ததும் அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசினார். "மொத தடவ வேற எவனோ எடுத்தான். நம்பருல உள்ள மூணு வயித்த அடைச்சுக்கிட்டு எட்டு மாதிரி நிக்கு. இந்தத் தடியனுக்கு நம்பரு ஒத்துவராது."

"நேரம் போவுது, அப்படியே அடிச்சுத் தாங்க அண்ணாச்சி."

"தப்பான நம்பர இருநூறு செவத்துல ஒட்டணுமா?"

பெயரை அப்படியே விட்டார். நம்பரை மட்டும் அகலமான எழுத்துக்கு மாற்றி, இரண்டு வரியாக உடைத்தார். புதுத் தாளை என்னிடம் தந்துவிட்டு அவளிடம் கையை நீட்டினார்.

"ஒன் போனத் தா மக்கா."

அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்தார். தாளை உயர்த்தினேன். இந்தத் தடவை ஒரே முறைதான் அமுக்கினார். அவர் பையில் வெளிச்சம் வந்தது. சத்தம் இந்தப் பக்கம் அவள் காதுக்கு வந்துவிடாமல் உள்ளங்கையால் பையைப் பொத்திக்கொண்டு நின்றார்.