தாய்மாமன் நின்ற வாசல்

மலேசியாவின் ஸ்கூடாயில் தங்கை வீட்டுக்கு வந்து ஆறு நாளாகியும் நான் பார்த்தது ஒரு பேரங்காடியும், அதைவிடப் பெரிய இன்னொரு பேரங்காடியும்தான். நாகர்கோவிலிலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்தது குளிரூட்டிய கடைக்குள் நடக்கவா என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டுத்தான் தங்கை சொன்னாள், "பெக்கோக்ல ஒரு அருவி இருக்கு. எங்க சபையில இருக்கிற சரவணன் சனிக்கிழமை அந்த ஊருக்குப் போறான். அவன்கூடப் போயிட்டு வா." திற்பரப்பு அருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடல் தாண்டி அருவி பார்க்கப் போகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனாலும் கிளம்பினேன்.

சனிக்கிழமை, காலை ஆறு மணி. இந்த ஜொகூர் மாநிலத்தில் ஏழு மணிக்குத்தான் விடிகிறது, அதனால் தெருவிளக்குகள் அணையவில்லை. சரவணனுக்கு இருபத்தொன்பது வயது. செனாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தவன். ஞாயிறு காலையில் சபையில் நாற்காலி போடுவதும் எடுத்து அடுக்குவதும் அவன்தான். கார் சின்னது. என் முழங்கால் முன்பலகையில் இடித்தது. அந்தப் பலகையின் மேல் தோடு வைக்கும் சிவப்பு வெல்வெட் பெட்டி ஒன்று இருந்தது.

"யாருக்குப்பா தோடு?" என்றேன். முப்பத்து மூன்று வருடம் நர்ஸாக இருந்தவளுக்குப் பிறத்தியார் விஷயத்தில் கூச்சம் இருக்காது.

"அக்கா பொண்ணுக்கு ஆன்ட்டி. இன்னிக்கி காது குத்து."

"அட, நீ தாய்மாமனா? அப்ப உன் மடியிலதான பிள்ளைய உக்கார வைப்பாங்க?"

அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "வைக்க மாட்டாங்க. அதச் சொல்லத்தான் போறேன்."

ஸ்கூடாயிலிருந்து பெக்கோக் ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் கூலாய், சிம்பாங் ரெங்கம், மாச்சாப், ஆயர் ஈத்தாம் என்று பச்சைப் பலகைகள் வந்து போயின. இருபுறமும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை மரங்கள். அதற்கப்பாலும் செம்பனை. ஒரு மணி நேரம் அதைப் பார்த்தால் நம்மூர் ரப்பர் மரம் ஒன்று கண்ணில் பட்டதும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருக்கிறது. ஆயர் ஈத்தாமைத் தாண்டுவதற்குள் அவன் கதையை நான் முழுசாகக் கறந்துவிட்டேன்.

அப்பா அவன் பிறந்த வருடமே இறந்துவிட்டார். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, அக்கா விமலாவுக்குப் பதினேழு. அக்கா செம்பனைத் தோட்டத்தில் வேலைக்குப் போய் அவனை வளர்த்துப் படிக்க வைத்தாள். தாமதமாகக் கல்யாணம் செய்து, ஒன்பது வருடம் காத்திருந்து பெற்ற பெண் யாழினிக்கு இப்போது மூன்று வயது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காதணி விழா. தாய்மாமன் பிள்ளையை மடியில் வைப்பதற்கு முன்னால் அம்மன் சந்நிதியில் தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கையில் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். அது அந்தத் தோட்டத்து வழக்கம். மடியில் வைப்பதில் சரவணனுக்குத் தடை எதுவுமில்லை. மற்றதைச் செய்ய மாட்டான்.

"அக்காகிட்ட முன்னாடியே சொன்னியா?"

"மூணு தடவ ஃபோன்ல சொன்னேன். 'வா, வந்து பாத்துக்கலாம்'னாங்க. நான் வந்து நின்னா மனசு மாறிடுவேன்னு நெனைக்கிறாங்க."

"உங்க பாஸ்டர் என்ன சொன்னாரு?"

"போவாத, பரிசு மட்டும் அனுப்பிடுன்னாரு. அப்படி அனுப்பினா அது ஓடிப்போறது லா ஆன்ட்டி. வளத்தவங்க. மூஞ்சிக்கு நேரா சொல்லணும்."

இங்கே நான் செய்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. வேதத்தில் கரைகண்டவள் என்று எனக்கே ஒரு நினைப்பு. அவனிடம் சொன்னேன், "ஒரு தேங்காய்தானே மக்ளே. உடச்சிட்டு வா. மனசுல என்ன இருக்குன்னு கர்த்தருக்குத் தெரியாதா? அக்காவ இழக்கணுமா இதுக்காக?"

அவன் கோபப்படவில்லை. "நீங்க கும்புடாத இடத்துல நீங்க கும்புடுற மாதிரி நின்னிருக்கீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டான். நான் அப்படி நிற்கும்படி யாரும் என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. அதனால் ஜன்னல் வழியாகச் செம்பனையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

காலை ஏழே முக்கால். யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சாஆ என்ற சிறு ஊரில் ஒரு கடையில் நிறுத்தினோம். ரொட்டி சானாய் ஒன்று ஒரு வெள்ளி எண்பது காசு, தே தாரிக் என்ற ஆற்றிய தேநீர் இரண்டு வெள்ளி. மலேசிய ரிங்கிட்டை இங்குள்ள தமிழர் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், பேச்சின் வாலில் ஒரு "லா"வும் சேர்த்துக்கொள்கிறார்கள். ரொட்டி நம்மூர் பரோட்டாவின் சித்தி மகள்தான். கொஞ்சம் நாசூக்காக வளர்ந்திருக்கிறாள். சரவணன் எதையும் தொடவில்லை. கார் சாவியை மேசையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். உறுதியானவன் பயப்பட மாட்டான் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். இவன் நன்றாகவே பயந்தான். பயந்துகொண்டே எழுந்துபோய்க் காரைக் கிளப்பினான்.

ஒன்பது மணிக்குக் கோயில். பெக்கோக்கிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, செம்பனைக்கு நடுவில், நீலமும் மஞ்சளும் பூசிய சின்னக் கோபுரம். வாசலில் ஆளுயரப் பதாகை. ஒரு பக்கம் யாழினி பல் தெரியச் சிரிக்கிறாள். மறுபக்கம் வேட்டி கட்டிய சரவணன், அக்கா கல்யாணத்தில் எடுத்த பழைய படம். கீழே கொட்டை எழுத்தில் "தாய்மாமன்: சரவணன்". ஊர் பார்க்கப் பேரைப் போட்டுவிட்டால் தம்பி மறுக்க மாட்டான் என்று அந்த அக்கா நம்பியிருக்கிறாள். அவன் காரைவிட்டு இறங்கி, தன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

விமலா ஓடிவந்தாள். ஒல்லி உடம்பு, மாம்பழ நிறப் பட்டுச்சேலை, கையில் ஒரு துணிப்பை. பைக்குள் புது வேட்டி. "ஏன்டா பேண்ட்டோட வந்திருக்க? போய் மாத்திட்டு வா. பூசாரி ரெடியா இருக்காரு."

"அக்கா, யாழினிய நான் மடியில வச்சிக்கிறேன். காப்பு, தேங்கா, அதெல்லாம் முடியாதுக்கா. நான் சொன்னேன்ல."

"காப்புக் கட்டாம மடியில வச்சா உன் மச்சான் வீட்டுப் பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க. உனக்குத் தெரியாதா? ஒன்பது வருஷம் புள்ள இல்லன்னு பேசினவங்க எல்லாம் உள்ள உக்காந்திருக்காங்கடா. இன்னிக்கி பொறந்த வீட்டு ஆள் இல்லன்னும் பேசட்டுமா?"

அவன் தலை குனிந்துகொண்டான். அவள் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அம்மா செத்தப்ப உனக்கு ஆறு வயசு. நான் உன்ன மடியில வச்சிக்கிட்டேன். அன்னிக்கி நான் யார்கிட்டயும் காரணம் சொல்லலடா."

இப்போதாவது இவன் வேட்டியை வாங்கிவிட மாட்டானா என்று மனதார ஆசைப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"நீங்க சொல்றது எல்லாம் உண்மைக்கா," என்றான். "என் தோல வேணும்னாலும் உரிச்சித் தருவேன். ஆனா அம்மன் முன்னாடி பொய்யா நிக்க மாட்டேன். அது நான் கும்புடற சாமிக்கும் பொய், உங்க சாமிக்கும் மரியாத இல்ல."

"அப்ப போ," என்று அவள் திரும்பிப் போய்விட்டாள்.

அவன் காருக்குப் போவான் என்று நினைத்தேன். போகவில்லை. கோயில் கதவுக்கு வெளியே, தன் படத்துக்குக் கீழேயே நின்றான். வருகிறவர்கள் படத்தைப் பார்த்தார்கள், ஆளைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்கள். "கார்லயாவது உக்காரு மக்ளே" என்றேன். "தாய்மாமன் வரலன்னு யாரும் சொல்லக்கூடாது ஆன்ட்டி. வந்திருக்கேன்ல," என்றான்.

ஒன்பதரைக்கு மேளம் எழுந்தது. செகாமாட்டிலிருந்து வந்த, விமலாவின் பெரியப்பா மகன் ஒருவர் அவசரமாக வேட்டி கட்டிக்கொண்டு தேங்காய் உடைத்து உட்கார்ந்தார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் பிள்ளைக்கு அவரைத் தெரியாது. ஊசி போட்டே பிழைத்தவள் நான் சொல்கிறேன், குழந்தை வலிக்காக அழுவது ஒரு மாதிரி, ஆள் மாறியதற்காக அழுவது வேறு மாதிரி. ஆசாரி கம்பியை எடுக்கும் முன்பே யாழினி வாசல் பக்கம் இரண்டு கையையும் நீட்டி "மாமா, மாமா" என்று கதறினாள். வாசலுக்கும் பிள்ளைக்கும் இருபதடி இருக்கும். சரவணன் இரும்புக் கதவின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இரண்டு காதும் குத்தி முடியும்வரை அந்தக் கை கம்பியை விடவில்லை.

முடிந்ததும் அக்கா வீட்டுக்காரர் வெளியே வந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர், கூச்ச சுபாவம். சரவணன் வெல்வெட் பெட்டியை நீட்டினான். அவர் கை பாதிவரை வந்தது. பின்னாலிருந்து விமலா சொன்னாள், "அத வாங்காதீங்க. இனிமே வீட்டுக்கும் வர வேணாம்னு சொல்லிடுங்க."

"வருவேன்க்கா," என்றான் சரவணன். "லீவு உள்ள சனிக்கிழமை வருவேன். நீங்க கதவு திறக்காட்டியும் வருவேன்."

பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை.

அருவிக்குப் போகட்டுமா என்று அவன் மரியாதைக்குக் கேட்டான். பேசாமல் வீட்டுக்கு விடு என்றேன். பகல் பன்னிரண்டுக்கு மறுபடி சாஆ, அதே கடை. இந்த முறை அவன் மூன்று ரொட்டி சாப்பிட்டான். கண் சிவந்து கிடந்தது. "அழணும்னா அழுதுரு மக்ளே" என்றேன். "அழுதா கார் ஓட்ட முடியாது லா ஆன்ட்டி. இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கு," என்றான்.

மறுநாள் ஞாயிறு. தங்கையின் சபை ஒரு கடைவரிசையின் இரண்டாம் மாடி. கீழே கார் டயர் கடை. நான் போகும்போதே நாற்காலிகள் வரிசையாக நின்றன. சாட்சி சொல்லும் நேரத்தில் ஒருவர் பதவி உயர்வுக்கும் இன்னொருவர் சிங்கப்பூர் வேலைக்கும் நன்றி சொன்னார்கள். சரவணன் எழுந்து, "எங்க அக்காவுக்காக ஜெபிங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தான். எனக்கு முகம் சுட்டது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் எனக்கு ஓர் அண்ணன் உண்டு. நாலு வருடங்களுக்கு முன் எங்கள் சபைத் தேர்தலில் அவர் எதிரணிக்கு ஓட்டுக் கேட்டார் என்று நான் பேச்சை நிறுத்தினேன். அவர் மகன் கல்யாணத்துக்கும் போகவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் அது விசுவாசப் பிரச்சினை என்றுதான் சொல்லி வந்தேன்.

ஆறு வாரம் கழித்து ஊர் திரும்பும் நாள். ஸ்கூடாயிலிருந்து செனாய் விமான நிலையம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அதுவும் ஒரு சனிக்கிழமை, சரவணனே கொண்டுவிட்டான். முன்பலகையில் அதே வெல்வெட் பெட்டி.

"பெக்கோக் போனியா?"

"ரெண்டு தடவ ஆன்ட்டி. திறக்கல. முதல் தடவ லைட்ட அணைச்சிட்டாங்க. அடுத்த தடவ கேட்டுக்கு வெளிய ஒரு மணி நேரம் நின்னேன். அந்த பேனர இப்ப மச்சான் மோட்டார் சைக்கிள் மேல மழைக்குப் போத்தியிருக்காங்க." கொஞ்சம் சிரித்தான். "என் மூஞ்சி வெளிய தெரியுற மாதிரிதான் போத்தியிருக்காங்க."

"இன்னிக்கும் போறியா?"

"உங்கள விட்டுட்டு நேரா அங்கதான்."

"திறக்கலன்னா?"

"அடுத்த சனிக்கிழமை வேல. அதுக்கு அடுத்தது லீவு."

என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பின்னால் நின்ற கார் ஒலி எழுப்பியதும் போய்விட்டான். வடக்கே திரும்பும் பாதையில் அந்தச் சின்னக் கார் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கேட்டதில் அவன் மறுத்தது ஒரே ஒரு காரியம். அக்காவை அவன் விட்டுவிடவில்லை. நானோ எதற்காகவும் எதையும் இழக்காமல் ஓர் அண்ணனைத் தொலைத்துவிட்டு, அதற்கு விசுவாசம் என்று பெயரும் வைத்திருந்தேன்.

கோலாலம்பூரில் விமானம் மாறி, திருவனந்தபுரத்தில் இறங்கி, டாக்சியில் எழுபது கிலோமீட்டர் வந்து நாகர்கோவிலில் வீடு சேரும்போது ஞாயிறு காலை ஒன்பது மணி. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, ஜொகூரில் வாங்கிய பிஸ்கட் டப்பா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தேன். எங்கள் வீட்டிலிருந்து அண்ணன் வீடு இரண்டு தெரு. மெதுவாக நடந்தால் நாலு நிமிடம்.

மணியை அழுத்தினேன். உள்ளே டி.வி. சத்தம் நின்றது. ஜன்னல் திரை கொஞ்சம் விலகி மறுபடி மூடியது. கதவு திறக்கவில்லை. வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு, பிஸ்கட் டப்பாவைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

சனிக்கிழமை மறுபடி போவேன்.