உப்புக் கிட்டங்கியில் ஒரு குடம்

எங்கள் ஊரில் பாட்டுக்காரர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஒருவர் பாட்டை மற்றவர் கேட்பதுதான் கிடையாது. கோயில் மிருதங்கக்காரர் சர்ச் வாசலை மிதிக்கமாட்டார். சர்ச்சில் கீர்த்தனை பாடும் உபதேசியார் கோயில் பக்கம் எட்டிப்பார்க்கமுடியாது. வில்லுப்பாட்டுக்காரர்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்து பாடிவிட்டு மூட்டையைக் கட்டிவிடுவார்கள். நான் பள்ளிக்கூட வாத்தியார், வயலின் வாசிப்பேன். எனக்கு வாய்த்த ஒரே ரசிகை என் மனைவி, அதுவும் அடுப்பில் வேலை இல்லாதபோது.

வடசேரிச் சந்தைக்குப் பின்னால் உப்பு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்று பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் என்று நினைவு. நானும் மிருதங்கக்காரரும் உபதேசியாரும் அதைக் குறிவைத்தோம். அந்தக் கட்டடத்தின் பெரிய தகுதி, அது எந்தச் சாமிக்கும் சொந்தமில்லை என்பதுதான். யாரும் உள்ளே வந்து உட்காரலாம். உடைமைக்காரரான முதலாளியிடம் போய் நின்றோம்.

"கொப்பரை வியாபாரி ஒருத்தன் கேட்டுக்கிட்டு நிக்கான்" என்றார் முதலாளி. "ஒரு நாளு கச்சேரி நடத்திக் காட்டுங்க. ஆளுக கடைசி வரைக்கும் இருந்து கேட்டா சாவி உங்களுக்கு. பாதியில எந்திரிச்சுப் போனா கொப்பரைக்கு."

ஒரு மாதம் வேலை செய்தோம். வௌவாலை விரட்டினோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், பலகை போட்டு மேடை கட்டினோம். எங்களோடு கூப்பிடாமலே வந்து வேலை செய்தவர் ஒருவர் உண்டு. வில்லுப்பாட்டில் தாளத்துக்கு மண்குடம் அடிப்பவர். ஒரு காலத்தில் இதே கிட்டங்கியில் உப்பு மூட்டை சுமந்தவர். தோளில் அதன் தழும்பு இருந்தது. மேடைப் பலகையில் பாதியை அவர்தான் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்.

மேடை தயாரானதும் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சாரே, எங்க வில்லையும் ஒரு நாளு இதுல ஏத்தலாமா?"

நான் அன்று பேசியதை இன்று எழுதவே கூசுகிறது. "இது சங்கீதம் வளர்க்கிற இடம் வே. ஒருத்தர் பாட, நாலுபேர் பக்கத்தில் இருந்து ஆமா ஆமா என்கிறதெல்லாம் கொடையோடு நிக்கட்டும்" என்றேன். மிருதங்கக்காரர் தரையைப் பார்த்தார். உபதேசியார் தொண்டையைச் செருமினார்.

அவர் கோபப்படவில்லை. போகும்போது ஒன்று மட்டும் சொன்னார். "மழ பெஞ்சா இந்தத் தரை தண்ணி விடும், கேட்டியளா. உப்பு ஊறின மண்ணு. மிருதங்கத் தோலு இங்க சுருதி நிக்காது."

"மூட்டை சுமந்தவருக்கு மிருதங்கத்தைப் பற்றி என்ன வே தெரியும்?" என்றேன். எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். பள்ளிக்கூடத்தில் அது கண்டிப்பு என்று பெயர் வாங்கியிருந்தது.

கச்சேரி ஐப்பசியில். மத்தியானம் முதலே மழை. சாயங்காலம் ஆட்கள் குடையும் பனையோலைத் தொப்பியுமாக வந்து நிறைந்தார்கள். கோயில்காரர்களும் சர்ச்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்து என் கண் கலங்கிவிட்டது. முதலாளி முன்வரிசையில் நாற்காலி போட்டு அமர்ந்தார்.

முதல் கீர்த்தனை பாதிகூட வரவில்லை. புதுச் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது, சுவர் வியர்த்தது, தரை ஓதம் அடித்தது. மிருதங்கம் 'தொம்' என்பதற்குப் பதிலாக ஈரச்சாக்கைத் தட்டுவதுபோல் பேசியது. மிருதங்கக்காரர் கல்லை எடுத்து விளிம்பில் தட்டித் தட்டிச் சுருதி ஏற்றினார். ஏற்றிய வேகத்தில் இறங்கியது. என் வயலின் வில்லின் முடியும் தொய்ந்து சறுக்கியது. உபதேசியார் தாளம் தவறி நின்றுவிட்டார். பின்வரிசையில் இரண்டுபேர் எழுந்து குடையைத் தேடினார்கள். முதலாளி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். போச்சு, கொப்பரைதான் என்று நினைத்தேன்.

குடக்காரர் வாசலோரம் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் சாக்கு சுற்றிய குடம். எதற்குக் கொண்டுவந்தார் என்று எனக்கு அப்போதே விளங்கியது, வெட்கத்தில் காது சுட்டது. மேடையிலிருந்து இறங்கி, அத்தனைபேர் பார்க்க அவரிடம் போனேன்.

"வந்து வாசிப்பீரா?"

"மண்ணு சுட்ட பொறவு எந்த ஈரத்துக்கும் பயப்படாது சாரே" என்றவர், குடத்தை எடுத்துக்கொண்டு மேடையேறினார்.

கமுகம்பாளைத் துண்டால் குடத்தின் வாயில் அடித்தார். அடிவயிற்றில் வந்து விழுந்தது சத்தம். சுருதி கொஞ்சம் தள்ளித்தான் நின்றது. ஆனால் நின்றது. உபதேசியார் பல்லவியைத் திரும்பப் பிடித்தார். மிருதங்கக்காரர் வாத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் தாளம் போட்டார். குடை தேடியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மழை விட்ட பிறகும் யாரும் எழவில்லை. முதலாளி சாவியை என் கையில் வைத்து, "அந்தக் குடக்காரனை விட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இரண்டு வாரம் வார்த்தை தேடினேன். பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில் சாவியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், "அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் வில்லுப்பாட்டு" என்று மட்டும் சொன்னேன்.

அவர் திண்ணையில் எனக்கு இடம் ஒதுக்கினார். "ஆமா சொல்ல ஒரு ஆளு குறையுது. நீங்க வந்து இருப்பியளா?"

இருந்தேன். வில்லுப்பாட்டுக் குழுவின் தலைவரான புலவர் வில்லை வைத்துப் பாட, குடக்காரர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் 'ஆமா'வைப் பிந்திச் சொன்னேன். இரண்டாவதை முந்தினேன். கூட்டத்தில் என் மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"புலவரு மூச்சு விடுற எடத்துல சொல்லணும்" என்று குடக்காரர் காதோடு சொல்லி, அந்த இடம் வந்ததும் என் முழங்காலில் மெல்லத் தட்டினார்.

"ஆமா" என்றேன், கிட்டங்கி முழுக்கக் கேட்கும்படி. மாணவர்கள் சிரிப்பை அடக்கிவிட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பாமலே குடத்தை ஓங்கி ஒரு அடி அடித்தார்.