மேனுகா மச்சாளின் இரண்டு பேசின்கள்

வாகரையில் கடல் வந்து மேனுகா மச்சாளின் வீட்டையும் புருஷனையும் கொண்டுபோனது. பிறகு யுத்தம் அவளை முகாம் முகாமாக அலைத்தது. 2010இல் வவுணதீவுக்கு மேற்கே தகப்பனின் வயலுக்குத் திரும்பினாள். பல நாடு சுற்றிவிட்டு வந்த நான் அந்த வருடம் அவளோடு தங்கியிருந்தேன்.

ஊர் ஆளில்லாமல் கிடந்த காலத்தில் எங்கள் ஓடையின் மேற்பகுதியில் இரு கரையும் காடாகியிருந்தது. திரும்பி வந்தவர்கள் கீழ்ப்பகுதிக் கரையை வெட்டி வயலாக்கிவிட்டார்கள். இரண்டு இடத்திலும் தண்ணீருக்குள் என்னென்ன பூச்சி வாழ்கிறது என்று பிடித்துத் தர, வந்தாறுமூலைக் கம்பஸில் படிப்பிக்கும் ஒருவர் மச்சாளை வேலைக்குச் சேர்த்தார்.

“பூச்சி பிடிக்கிற உத்தியோகம்” என்று சொல்லி முதல் வாரம் முழுக்கச் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. மணல்மணிகளை ஒவ்வொன்றாக ஒட்டித் தனக்கொரு சட்டை செய்து அதற்குள் வாழும் புழு, மூன்று வாலுள்ள குஞ்சு, தாடையைக் கை நீட்டுவதுபோல் நீட்டி இரை பிடிக்கும் தும்பிக் குஞ்சு. மேற்பகுதியில் ஊறிய ஒரே ஒரு கிளையைத் தூக்கினால் பத்தொன்பது வகை. கீழே வயலோரம் எவ்வளவு அரித்தாலும் மூன்று வகைதான், அதில் ஒன்று சேற்றுச் சிவப்புப் புழு. “இவ்வளவு நாளும் இதுகளுக்கு மேலால நடந்து திரிஞ்சிருக்கன்கா” என்றாள் என்னிடம்.

மேற்பகுதி மரங்களையும் வெட்டுவதா என்று தீர்மானிக்க ஞாயிற்றுக்கிழமை வயற்காரர்களின் வட்டைக் கூட்டம் வைத்தார்கள். வெட்டினால் வயல் கூடுவது பக்கத்து வீட்டுத் தங்கராசா மாமாவுக்கு. மச்சாள் சனி மாலையே தண்ணீர் நிறைத்த இரண்டு பேசினில் இரண்டு இடத்துப் பூச்சிகளையும் உயிரோடு கொண்டுவந்து வேலியோரம் வைத்தாள், ஊருக்குக் காட்ட. வயல் பேசினைப் பழஞ்சேலையால் மூடினாள். காட்டுப் பேசினுக்குப் பழசு போதாதென்று, சுனாமி முகாமில் கொடுத்த, பிரிக்காமல் பெட்டிக்குள் வைத்திருந்த, கொசு வராமல் கட்டும் நுளம்பு வலையை எடுத்து விரித்தாள். வலையின் நடுப்பகுதி தண்ணீரில் தொய்ந்து கிடந்தது.

விடிய, காட்டுப் பேசினில் எல்லாம் செத்து மிதந்தன. வயல் பேசினில் சிவப்புப் புழு நெளிந்துகொண்டிருந்தது.

காட்டுப் பேசினைக் கொண்டுபோய்க் கூட்டத்தின் நடுவில் வைத்தாள். “தங்கராசா மாமா, வேலிக்கு மேலால கைய நீட்டி மருந்து ஊத்திட்டீங்க, என்ன?”

“என்ர வயலுக்கு அடிக்கவே மருந்து காணாது. உன்ர பூச்சிக்கு நான் தனியா வாங்கணுமாக்கும்!”

கூட்டம் சிரித்தது. எனக்குத் தண்ணீரில் தொய்ந்து கிடந்த வலை நினைவு வந்தது. வீட்டுக்கு ஓடி வலை வந்த பையைப் பார்த்தேன். வலையில் பூச்சிமருந்து ஊட்டியிருக்கிறது, நீர்நிலையில் கழுவக்கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. திரும்பி வந்து மச்சாளின் காதில் சொன்னேன்.

வேறு யாரும் அதை வாசித்திருக்கப் போவதில்லை. அவள் வாயை மூடியிருந்தால் பழி தங்கராசா மாமாவோடு நின்றிருக்கும், மரமும் நின்றிருக்கும்.

“மாமா செய்யல்ல. என்ர நுளம்பு வலையில மருந்தாம். நான்தான் சாகடிச்சிட்டன்” என்றாள் உரத்து.

“கேட்டீங்களா! புள்ள தானே சாகடிச்சிட்டு எனக்குக் கொலைப் பழி!” என்று எழும்பிய தங்கராசா மாமா, பேசினுக்குள் குனிந்து மணல் சட்டைக்காரனை விரலில் எடுத்தார். “இதென்ன, ஆர் தைச்சது?”

“அதுவேதான் மாமா.”

“வலையில ஒட்டிக் கிடந்த மருந்துக்கா இவ்வளவும் செத்தது?”

“ஓம்.”

“நான் ஒரு போகத்துக்கு எட்டு டாங்கி மருந்து அடிக்கிறன்.” புழுவைப் பேசினுக்குள் திரும்ப வைத்தார். “உயிரோட இருக்கிறதக் காட்டு, பாப்பம்.”

எல்லோரும் ஓடைக்கு நடந்தோம். மச்சாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒரு கிளையைத் தூக்கினாள். அது முழுக்க அசைந்தது. தண்ணீருக்கு மேலிருந்த நுனியில் ஒரு தும்பி அப்போதுதான் தன் பழைய முதுகைப் பிளந்து, கசங்கிய சிறகோடு வெளியே வந்துகொண்டிருந்தது. அது காய்ந்து பறக்கும்வரை முப்பது பேரும் கரையிலேயே நின்றார்கள்.

கரையிலிருந்து பத்து எட்டு எடுத்து வைக்கும் தூரத்துக்கு மரத்தில் கைவைப்பதில்லை, மருந்தும் அடிப்பதில்லை என்று அங்கேயே முடிவானது. தங்கராசா மாமாவே அளக்க வந்தார், கோழி நடப்பதுபோல் குட்டிக் குட்டி அடி வைத்து.

“மாமா, சொந்தக் காலால அளங்க” என்றாள் மச்சாள், தண்ணீருக்குள் நின்றபடியே.

அவர் முணுமுணுத்துக்கொண்டு திரும்பப் போய் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.