வாளியில் கலந்த கிணற்றுத் தண்ணீர்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தங்கச் சுரங்கத்தில் இரண்டு வருஷம் கல் அள்ளினேன். ஆழத்தில் பாறையைத் தொட்டால் கை சுடும். தங்கம் குறைந்ததும் முதலில் என்னைப் போன்றவர்களைத்தான் குறைத்தார்கள். எங்கெங்கோ சுற்றி, எழுபதுகளின் கடைசியில் பாகூர்ப் பக்கம் வந்து சேர்ந்தேன். நிலக்கரி இருக்கிறதா என்று பார்க்கத் துளை போடும் கூட்டத்தில் கூலி வேலை.

துளை போட்ட இடம் ஒரு விதவையின் வயலோரம். அவளுக்கு இருந்தது அந்த ஒரு காணிதான். கரி கிடைத்தால் நிலம் போய்விடும். தினமும் வரப்பில் வந்து நிற்பாள்.

“இன்னாபா, கரி வந்துச்சா?”

“இல்லக்கா, களிமண்ணுதான்.”

“நல்லா இருப்பே. இந்தா, மோர் குடி.”

தேசத்துக்கு நஷ்டம் ஆக ஆக எனக்கு மோர் கிடைத்தது.

கடைசிவரை கரி வரவில்லை. வெகு ஆழத்திலிருந்து தண்ணீர் தானாகப் பொங்கி வந்தது, கை பொறுக்காத சூட்டோடு. வாய்க்காலில் விட்டதில் நாற்று வாடியது. இரண்டு நாள் எங்களைத் திட்டினாள். மூன்றாம் நாள் ஒரு மூட்டை நெல்லைக் கொண்டுவந்து அந்த வெந்நீர் விழும் தொட்டியில் கொட்டினாள். புழுக்குவதற்காகப் பச்சைத் தண்ணீரில் மூன்று நாள் ஊறி நாறுகிற நெல், இதில் ஒரே நாளில் ஊறியது. வாரம் முடிவதற்குள் ஊரே மூட்டையோடு வந்து நின்றது.

எங்கள் ஆபீசர் நல்ல மனுஷன். பார்த்து மகிழ்ந்துபோய் மேலிடத்துக்கு எழுதினார். இந்தச் சூட்டிலிருந்து மின்சாரம்கூட எடுக்கலாமாம், சுற்றியுள்ள நிலத்தைக் கையகப்படுத்தினால்.

“கரிக்குத் தப்பிச்சு வெந்நிக்கு மாட்டிக்கினேனே” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பெரிய ஆபீசர் வந்த அன்று சேறு. அவர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. “ஒரு வாளி புடிச்சிட்டு வாப்பா” என்றார். குழாய்க்கும் ஜீப்புக்கும் நடுவே அவளுடைய கிணறு. குடத்தோடு நின்றிருந்தாள்.

“குடிச்ச மோர மறந்துடாத.”

வாளியில் பாதியைக் கொட்டிவிட்டுக் குடத்தைச் சாய்த்தேன்.

பெரியவர் தெர்மாமீட்டரைத் தூக்கிப் பார்த்தார். “இதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்?” எங்கள் ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் சேற்றைப் பார்த்தேன்.

துளையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. சிமென்ட் குழைத்து அடைத்ததும் நான்தான். கூட்டம் கிளம்பும் நாளில் அவளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். நிலம் தப்பிய சந்தோஷம் முகத்தில் இல்லை. வாசலில் மூன்று நாள் ஊறிய நெல் நாறியது.

“மூடச் சொன்னா இப்டியா மூடுவ? ஓரமா கொஞ்சம் கசிய வுட்டிருக்கக் கூடாது? இனி வெந்நிக்கு வெறவுதானே?” என்றவள், கோடாலியை என் பக்கம் தள்ளினாள்.

விறகைப் பிளந்து கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.