தறிக்குழி மேல் நின்ற லிஃப்ட்

1. சிவப்பு நூல்

இரண்டாவது போஸ்டுக்கு முதல் துளை போட்டுக்கொண்டிருந்தேன். ஹாமர் டிரில் நாலு விரற்கடை இறங்கும் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் எதிர்ப்பே இல்லாமல் பிட் முழுவதும் உள்ளே போய்விட்டது. மிஷினோடு நான் குப்புற விழாதது என் தொப்பை செய்த புண்ணியம்.

வெளியே இழுத்தால், பிட்டின் புரியில் சாம்பலும் அதோடு கொஞ்சம் சிவப்பு நூலும் சுற்றிக்கொண்டு வந்தன. கான்கிரீட்டைத் துளைத்தால் ஜல்லித் தூள் வரும். கம்பி குறுக்கே இருந்தால் இரும்புத் தூள் வரும். நூல் வந்து நான் பார்த்ததில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டூ போஸ்ட் லிஃப்ட் என்பது இரண்டு இரும்புத் தூண்கள். நடுவில் கார் நிற்கும். நாலு ஆர்ம்கள் அடியில் நீண்டு அதை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் மேலேதான் பார்ப்பார்கள். அதன் உயிர் இருப்பது கீழே, தரைக்குள் இறங்கும் ஆங்கர் போல்டில். தரை ஏமாற்றினால் தூணும் ஏமாற்றும். அதனால் எனக்கு மனிதர்கள் மேல் இருக்கும் நம்பிக்கையில் பாதிகூடத் தரை மேல் கிடையாது. என் வீட்டுக்காரி அது தலைகீழாக இருக்கிறது என்பாள்.

பேட்டையில் எங்கள் பட்டறை. சர்வீஸ் ஸ்டேஷன், ஷோரூம் என்று பெரிய இடங்களில்தான் அதிகம் மாட்டியிருக்கிறேன். வீட்டோடு சேர்ந்த ஒர்க்‌ஷாப்பில் மாட்டக் கூப்பிட்டவர் மேலப்பாளையம் காஜா பாய். ஷார்ஜாவில் ஒரு கராஜில் வெகுகாலம் மெக்கானிக். நல்ல கைக்காரர். முதுகுத் தட்டு தேய்ந்துவிட்டது. இனிமேல் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்து வேலை பார்த்தால் எழுந்திருக்க மாட்டீர் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நின்றுகொண்டு பார்க்கலாம்.

“அங்க லிஃப்டு இருக்கு, குடும்பம் இல்ல. இங்க குடும்பம் இருக்கு, லிஃப்டு இல்ல. ரெண்டையும் ஒரே எடத்துல வச்சுத் தாங்க அண்ணாச்சி” என்றார் முதல் நாளே. இவ்வளவு தெளிவாகத் தனக்கு வேண்டியதைச் சொன்ன வாடிக்கையாளரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

லிஃப்ட் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஷார்ஜா வேலையை விடுவது என்பது அவர் கணக்கு. விடுமுறை முடியப் பத்து நாள் இருந்தது. திரும்பிப் போகவில்லை என்றால் அந்த வேலை போயிற்று. போனால் இன்னொரு இரண்டு வருஷ ஒப்பந்தம். இந்த நிலையில்தான் என் டிரில் சாம்பலுக்குள் போனது.

2. வீடியோ காலில் போட்ட தரை

“அடியில என்ன வே இருக்கு?” என்று கேட்டேன்.

காஜா பாய் மச்சினன் சாகுலைப் பார்த்தார். சாகுல் ஜவுளி ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை. அன்றைக்கு அவனும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பக்கத்தில் வளைகுடாவில் இருக்கிறவர்கள் வீடு கட்டுவது இப்போதெல்லாம் போனில்தான். இங்கே ஒருவர் செல்லைப் பிடித்துக்கொண்டு சுற்றுவார். அங்கே ஒருவர் ரொட்டியைக் கடித்துக்கொண்டு, “இன்னுங் கொஞ்சம் இடது பக்கம் காட்டு” என்பார். அஸ்திவாரம் முதல் பெயிண்ட் வரை எல்லாம் அப்படியே நடக்கும். இந்தத் தரையும் அப்படிப் போட்டதுதான். ஆறு அங்குலம் கனம் வேண்டும் என்று காஜா பாய் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். சாகுலும் ஸ்கேலை வைத்துக் காட்டியிருக்கிறான்.

“எங்கன வச்சுக் காட்டுன?”

“ஓரத்துல அண்ணாச்சி. அங்கன ஆறு சரியா இருந்துச்சு.”

இருந்தது. முதல் போஸ்ட் பக்கம் நான் சோதனைத் துளை போட்டபோதும் சரியாகத்தான் இருந்தது.

அப்போது டீயோடு வந்தார் காஜா பாயின் மனைவி மும்தாஜ். தரையில் கிடந்த டிரில் பிட்டைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“இது தறிக்குழில்லா!”

மேலப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு கைத்தறி இருந்த காலத்தில், நெய்கிறவர் காலை இறக்கி மிதிப்பதற்குத் தரையில் குழி வெட்டியிருப்பார்கள். இது மும்தாஜின் வாப்பா வீடு. ஷெட் போட்ட இடம் முன்பு தறிக்கூடம். தறியை விற்ற பிறகு, அடுப்புச் சாம்பலையும் கழிவு நூலையும் அந்தக் குழியில் கொட்டி மேலே சாந்து பூசிவிட்டார்கள். சாகுல் அப்போது கைப்பிள்ளை, அவனுக்கு நினைவில்லை. கொத்தனார் பழைய தரையைத் தட்டிப் பார்க்காமல் அதன் மேலேயே கான்கிரீட் போட்டிருக்கிறார்; குழிப் பக்கம் கனமும் குறைவு. காலப்போக்கில் சாம்பல் அமுங்கி, கான்கிரீட்டுக்குக் கீழே வெற்றிடம்.

“ஒனக்குத் தெரிஞ்சிருக்கு, சொல்லக்கூடாதா?” என்று காஜா பாய் சத்தம் போட்டார்.

“என்ட்ட யாரு கேட்டா? நீங்களும் தம்பியும் போன்லயே பேசி முடிச்சிட்டீய. டீ வேணும்னு மட்டுந்தான் என்ட்ட கேட்டீய.”

எனக்கு டீ புரை ஏறிவிட்டது. காஜா பாயும் சாகுலும் ஒரே நேரத்தில் கிளாஸை எடுத்துக் குடித்தார்கள். வேறென்ன செய்ய முடியும்?

3. இருபத்தெட்டு நாள்

போஸ்டைத் தள்ளி வைக்க வழியில்லை. ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர், மறுபக்கம் மாடிப்படி. கேட்டுக்கு நேராகக் கார் நுழைய வேண்டும் என்றால் தூண் அந்தக் குழி மேல்தான் வரும்.

சாகுல் உடனே யோசனை சொன்னான். “பெரிய இரும்புப் பிளேட்டா அடியில போட்டு முடுக்கிருவோம் அண்ணாச்சி. ஓட்டிப் பாப்போம். நின்னா நிக்கட்டும்.”

எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும். “ஏலே, நின்னா நிக்கட்டும்னு சொல்லுதது ஒட்டடைக் கம்புக்கு. மேல காரு நிக்கும், கீழ ஒன் அக்கா மாப்பிள்ளை நிப்பாரு. விழுந்துச்சுன்னா ஒன் பிளேட்டயா போய்க் கேக்க முடியும்?”

ஒரே வழிதான். தரையை வெட்டி, குழியைக் காலி பண்ணி, கம்பி கட்டி, அடியிலிருந்து கனமாகக் கான்கிரீட் போட வேண்டும். அது இறுக இருபத்தெட்டு நாள். அதற்கு முன்னால் போல்ட் இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே மனசு கேட்கவில்லை. பத்து நாளில் பிளைட் ஏற வேண்டியவரிடம் இதைச் சொல்வது எப்படி இருக்கும்?

காஜா பாய் வெகுநேரம் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்டைப் பார்க்காமல் வேலையை விட வேண்டும், அல்லது லிஃப்டை விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தது இனிமேல்தான் போடப்போகிற ஈரக் கான்கிரீட்.

மும்தாஜ் கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

“போணும்னா போயிட்டு வாங்க மச்சான். தரைக்கு நான் தண்ணி ஊத்திக்கிடுதேன். அடுத்த லீவுக்கு வந்து பாத்துக்கிடலாம்.”

நானும் பட்டறை ஆட்களும் சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

மறுநாள் காலை தரையை உடைக்கிற பிரேக்கர் மிஷினோடு போனபோது, காஜா பாய் ஷெட்டில் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன் அண்ணாச்சி. மொதலாளிட்டயும் சொல்லிட்டேன். இனி ஒங்க கையிலதான் இருக்கு.”

இத்தனை வருஷத்தில் என் போல்டை நம்பிக் காரை ஏற்றியிருக்கிறார்கள். பிழைப்பையே ஏற்றியவர் இவர் ஒருவர்தான். அவரிடம், “கவலைப்படாதீங்க பாய்” என்றேன். எனக்கு யார் சொல்வது?

4. வீட்டுக்குள் வயல்

குழியை ஆழமாகத் தோண்டினோம். சாம்பல், நூல், உடைந்த தறிக்கட்டை ஒன்று, யாரோ ஒளித்து வைத்த கோலிக்குண்டு என்று என்னென்னவோ வந்தது. அடியில் கெட்டியான செம்மண் தட்டியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. கம்பியை நானே கட்டினேன். ஜல்லி, மணல், சிமெண்டு கலவையைச் சட்டி சட்டியாக அளந்து நின்றேன். கொத்தனார் என்னைத் திட்டியது காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

அதன் பிறகு வேலை மும்தாஜுடையது. புதுக் கான்கிரீட்டைச் சுற்றிக் களிமண்ணால் வரப்புக் கட்டி, உள்ளே தண்ணீர் நிறுத்தினார். ஒருவேளைகூடக் காய விடவில்லை. குழாயில் ஆற்றுத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். வந்தால் முதல் குடம் தரைக்கு.

“குளிக்கத் தண்ணி இல்லைங்கா அண்ணாச்சி, தரைக்கு மட்டும் இருக்குங்கா” என்று காஜா பாய் போனில் என்னிடம் புகார் சொன்னார். குரலில் புகாரைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. தெருவில் போகிறவர்கள், “என்ன பாய், நாத்து எப்ப நடுதீய?” என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். குடம் சுமந்தது சாகுல். ஸ்கேலை ஓரத்தில் வைத்ததற்கு அக்கா கொடுத்த தண்டனை அது.

நான் பேட்டையில் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். வேறு வேலைக்குப் போகிற சாக்கில் மேலப்பாளையம் வழியாகவே போனேன். அந்த வழியில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது.

5. கீழே நின்றவர்கள்

இருபத்தெட்டு நாள் முடிந்ததும் போனோம். துளை போட்டேன். இந்த முறை சுத்தமான சாம்பல் நிறத் தூள்தான் வந்தது, கல் போன்ற கான்கிரீட். போல்டுகளை இறக்கி முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முடுக்கினேன். லிஃப்டைத் தூக்கும் பவர் யூனிட்டுக்கு ஆயில் ஊற்றினேன். முதலில் ஏற்ற யார் வண்டி என்று நான் கேட்கவே இல்லை, சாகுல் தானாகவே தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். முகம்தான் செத்துப்போய் இருந்தது.

பைய ஒரு சாண் தூக்கினேன். வேனைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். போல்டுகளை மறுபடி முடுக்கினேன். பிறகு முழு உயரத்துக்கு ஏற்றி, சேஃப்டி லாக்கில் உட்கார வைத்தேன். ‘டக்’கென்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகத்தான் இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருக்கிறேன்.

மாட்டியவன்தான் முதலில் கீழே நிற்க வேண்டும் என்பது எங்கள் பட்டறை வழக்கம். போய் நின்றேன். வேன் அசையவில்லை.

அடுத்தது காஜா பாய் வந்து நின்றார். முதுகு நிமிர்ந்து, தலைக்கு மேலே கையை நீட்டி, கியர் பாக்ஸைத் தொட்டார். அவருக்கு வலிக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயில் பட்டுவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

இளையவர்களுக்கு இந்த அனுபவத்தில் நான் சொல்லக்கூடிய பாடம் இதுதான்: தரையின் கனத்தை ஸ்கேலிடம் கேளுங்கள், தரையின் கதையை அந்த வீட்டில் கிடந்து வளர்ந்தவர்களிடம் கேளுங்கள். இப்போதெல்லாம் நான் வீட்டு வேலைக்குப் போனால், கருவிப்பெட்டியைத் திறக்கும் முன்பு அடுப்படிப் பக்கம் போய், “இங்கன முன்னால என்னம்மா இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டுத்தான் வருவேன்.

கடைசியாக மும்தாஜ் வந்தார். “நானும் நிக்கலாமா அண்ணாச்சி?” என்று கேட்டார். “தாராளமா நில்லும்மா” என்றேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேனுக்கு அடியில் வந்து, கணவருக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். சேறும் ஆயிலும் துருவுமாக இருந்தது. நன்றாகப் பார்த்தார்.

“இத்தன வருசமா அங்க இதயா மச்சான் பாத்துக்கிட்டு நின்னீய?”

“ஆமா புள்ள” என்றார் காஜா பாய்.

“சரி. என்னதான் இருக்குன்னு சொல்லுங்க, கேப்போம்.”

அவர் டார்ச்சை எடுத்து முன்சக்கரத்திலிருந்து ஆரம்பித்தார். இது ஸ்டியரிங் ராடு, இது ஆயில் பேன், இது சைலன்சர் போகிற வழி. மும்தாஜ் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு கூடவே நகர்ந்தார். சாகுலுக்கு லோடு எடுக்க நேரமாகிவிட்டது, எங்களுக்கும் பேட்டைக்குத் திரும்ப வேண்டும். ஆனால் வேனை இறக்கலாமா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.